அணைக்கச் சொன்ன குரல்

நான் சொல்லப்போறதைக் கேட்டா நீங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பீங்க அக்கா. சத்தியமா. ஆனா இப்ப இல்லை, நாலு மணிக்கு. இப்ப மணி மூணே கால். முக்கால் மணி நேரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கணும். அதுக்கு முன்னாடி சிரிச்சீங்கன்னா ருசி போயிரும், சொல்லிட்டேன்.

பஸ்ஸும் அதுக்குத் தோதா நிக்குது பாருங்க. கழுகுமலை தாண்டி நட்ட நடுக் காட்டுல பின் சக்கரம் படுத்திருச்சு. "யாரும் இறங்காதீங்க, இறங்காதீங்க. அஞ்சே நிமிஷம், அஞ்சே நிமிஷம்." ஏன் அங்கே திரும்பிப் பார்க்கீங்க? கண்டக்டர் கீழே வேலமரத்தடியில பீடி குடிச்சுக்கிட்டு நிக்கார். பேசினது நான். மூக்கைக் கொஞ்சம் அடைச்சுக்கிட்டு, கடைசி வார்த்தையை ரெண்டு தடவை விட்டா அவர் வந்துருவார். இந்த பஸ்ல ஏறி ஒரு மணி நேரம்தான் ஆகுது, அதுக்குள்ள ஆளைப் பிடிச்சாச்சு.

உங்க குரல் வேணுமா? இதுவரைக்கும் நீங்க பேசினதே ரெண்டு வாக்கியம். "கொஞ்சம் தள்ளிக்கோம்மா." "ஜன்னல் கண்ணாடி ஏறாதா?" எனக்கு அது போதும். வேண்டாமா? சரி, விட்டுட்டேன். சில பேருக்குத் தன் குரலை வெளியில இருந்து கேட்டாப் பிடிக்காது.

இந்த வித்தை எனக்கு இருக்கிறது ஒருத்தருக்கும் தெரியாது அக்கா. எங்க அப்பாவுக்கே தெரியாது. வீட்டுல நான் பூனை. கேட்டதுக்குப் பதில், அவ்வளவுதான். தெரிஞ்சு போச்சுன்னா அப்புறம் என்ன பேசினாலும் "ஏய், இது ஆவுடை"ன்னுருவாங்களே. பிழைப்பு போச்சு. உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, சங்கரன்கோவில்ல இறங்கினா உங்களை நான் இனிமே பார்க்கப்போறதில்லை. அதுவும் போக, எத்தனை நாளைக்குத்தான் ஒரு ஆள் தனியாவே சிரிக்கிறது?

எம்பேரு ஆவுடை. பதினேழு முடியப்போகுது. அப்பா கோமதிநாயகம். சங்கரன்கோவில்ல 'நாயகம் சவுண்ட் சர்வீஸ்'னு கேட்டா குழந்தைகூட வழி சொல்லும். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் மைக்கு, லைட்டு, ஜெனரேட்டர். அம்மா இல்லை. நானும் அப்பாவும்தான். போன வருஷத்துல இருந்து விழாக் கமிட்டிக்காரங்க ஒரு புது வழக்கம் வச்சிருக்காங்க. மேடைக்குக் கரண்ட் இழுக்கிற இடத்துல பயிற்சி முடிச்ச ஆள் ஒருத்தர் நிக்கணும், சர்டிபிகேட்டைக் காட்டணும். அப்பாவுக்குக் கண் சரியில்லை, படிச்சு எழுத முடியாது. அதனால என்னைக் கோவில்பட்டிக்கு அனுப்பினார். ஒலி ஒளி அமைப்பாளர் சங்கம் நடத்துற நாலு வாரக் கோர்ஸ். பழைய கல்யாண மண்டபம் ஒண்ணு, பின்னால காலி கிரவுண்டு, கிரவுண்டுல ஒரு மேடை. தினமும் மேடையைக் கட்டுவோம், கரண்ட் குடுப்போம், பிரிப்போம். இன்னிக்கு முடிஞ்சிருச்சு. பிராக்டிகல்ல நான்தான் முதல் மார்க். பையில இருக்கு, அப்புறம் காட்டுறேன்.

சார் பேரு ஞானதிரவியம். மின்சார வேலையில முப்பது வருஷம் இருந்து ஓய்வு வாங்கினவர். எந்த வாக்கியத்தையும் தொண்டையைக் கனைக்காம ஆரம்பிக்க மாட்டார். "ம்ஹ்ம்… பிள்ளைகளா. வீட்டுக் கரண்ட் கட்டிப்போட்ட நாய். மேடைக் கரண்ட் அவுத்துவிட்ட நாய். ம்ஹ்ம்… இன்னிக்கு இங்க கெடக்கும், நாளைக்கு அங்க கெடக்கும். யார் காலைக் கடிக்கும்னு அதுக்கே தெரியாது." கேட்டீங்களா? அச்சு அசல் அவரேதான். எனக்கு வந்ததுலயே சுலபமான குரல் இது.

அவர் என்னென்ன சொல்லிக் குடுத்தார்னு கொஞ்சம் சொல்லியாகணும். இல்லைன்னா நாலு மணிக்கு உங்களுக்கு எதுவும் விளங்காது. கேபிள் சுருளை முழுசா பிரிச்சு விடணும், சுருட்டி வச்சா சூடேறி உருகும். ஈரத் தரையில ரப்பர் விரிப்பு இல்லாம நிக்கக்கூடாது. ஆள் ஷாக் அடிச்சு விழுந்தா முதல்ல ஆளைத் தொடாதே, கரண்டை அணை. அப்புறம் காஞ்ச கட்டையால வயரைத் தள்ளு. அப்புறம் மூச்சைப் பாரு. மூச்சு இல்லைன்னா நெஞ்சை அமுக்கு, முப்பது தடவை, எண்ணி. இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான். அவர் உயிரா நினைக்கிறது வேற ஒண்ணு. மேடையில வேலை செய்யிற ஆள் ஒரு இடம், சுவிட்ச் போர்டு ஒரு இடம். நடுவுல அறுபது மீட்டர், ஒரு சுவர். ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியாது. கையில வாக்கி டாக்கிதான். மேடையில இருக்கிறவர் "ஆஃப்"னா, போர்டுகிட்ட இருக்கிறவர் அணைச்சுட்டு "ஆஃப்"னு திருப்பிச் சொல்லணும். மறுபடி போடணும்னா?

"ம்ஹ்ம்… அணைக்கச் சொன்னவன்தான் போடச் சொல்லணும். வேற எவன் சொன்னாலும் போடாத. கமிட்டித் தலைவர் சொன்னாலும் போடாத. நான் சொன்னாலும் போடாத. பெரிய கம்பெனில இதுக்குப் பூட்டு இருக்கு, சாவி இருக்கு. நம்மகிட்ட எங்கவே பூட்டு? நம்மகிட்ட குரல்தான் பூட்டு."

குரல்தான் பூட்டு! அவர் அதைச் சொன்னதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு அக்கா. கைநிறையச் சாவி வச்சிருக்கிற ஒருத்தியை முன் பெஞ்சுல உக்கார வச்சுக்கிட்டு அந்த மனுஷன் இதைச் சொல்றார்!

இனிமே தளவாய். நாலு மணிக்கு நீங்க கேக்கப்போறது அவரைத்தான்.

தளவாய்க்கு ஊரு கயத்தாறு. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். இருபது வருஷமா கோயில்ல சீரியல் பல்பு கட்டுறவர். எந்தப் பேப்பரும் கிடையாது. சர்டிபிகேட் இல்லைன்னு ரெண்டு கோயில்ல திருப்பி அனுப்பிட்டாங்களாம், அதான் வந்துட்டார். காலையில ஒன்பதுக்கு வகுப்புன்னா எட்டு மணிக்கு வாசல்ல நிப்பார். சார் தும்மினாக்கூட நோட்டுல எழுதுவார். அவர் குரல் சொல்றேன் கேளுங்க, தொண்டைக்கும் நாக்குக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு வரும்: "ஆஃப்புங்களா? ஆஃப்பு. ஆஃப்பு பண்ணிட்டேன் பாப்பா." என்னை 'பாப்பா'ன்னுதான் கூப்பிடுவார். மத்தியானம் அவர் டப்பாவுல ஊறுகாய் இருந்தா முதல்ல எனக்குத்தான் நீட்டுவார். அவருக்கும் என் வயசுல ஒரு பொண்ணு இருக்காம்.

ஏன் அவரைப் பிடிச்சேன்னா கேக்கீங்க? அவர் நம்புவார் அக்கா. அவ்வளவுதான். சில ஆட்களைப் பார்த்தாலே தெரியும்.

முதல்ல சும்மா ஒரு சின்னதுல ஆரம்பிச்சேன். ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி அடிப்போம், மண்ணு ஈரமா இருந்தாத்தான் எர்த் பிடிக்கும், அதனால ரெண்டு குடம் தண்ணி ஊத்துவோம். அன்னிக்கு நான் வாக்கி டாக்கியை எடுத்து, "ம்ஹ்ம்… தளவாய், மண்ணு ஈரம் பத்தாதுவே. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு குடம் ஊத்தும், நான் சொல்லுத வரைக்கும்"னேன். மனுஷன் முப்பத்தெட்டுக் குடம் சுமந்தார். நான் மேடையில இருந்து எண்ணிக்கிட்டிருந்தேன். கடைசியில நிஜ சார் வந்து, "எதுக்குவே இங்க குளம் வெட்டுதீரு?"ங்கிறார். இவர், "நீங்கதானே சார்…"ங்கிறார். "நான் என்ன கிறுக்கனா?"ன்னு சார் எகிற, இவர் அப்படியே குறுகிப் போயிட்டார். அன்னியில இருந்து சாருக்கு அவர் மேல ஒரு நினைப்பு, 'இவனுக்கு மண்டை கொஞ்சம் மந்தம்'னு. தளவாய் என்ன செஞ்சார் தெரியுமா? நோட்டைத் திறந்து, 'காது சரியாகக் கேட்பதில்லை, கவனம்'னு எழுதி வச்சுக்கிட்டார்! எட்டிப் பார்த்தேன்.

இல்லை இல்லை, இப்ப சிரிக்காதீங்க. சிரிக்கலையா? நல்லது.

ஒன்பதாவது நாள்தான் பெரிசு. பதினோரு மணி. சார் டீ குடிக்கப் போயிட்டார், மத்த பசங்க மண்டபத்துக்குள்ள கேபிளுக்கு நம்பர் ஒட்டிக்கிட்டிருக்காங்க. மேடையில நான், போர்டுகிட்ட தளவாய். மேல இரும்புக் குழாயில லைட்டு மாட்டணும். "ஆஃப்" சொன்னேன். "ஆஃப்பு பாப்பா"ன்னார். நான் என் லைனைப் பிளக்கோட பிடுங்கித் தனியா வச்சேன். டெஸ்டரை வச்சும் பார்த்தேன். செத்த லைன். நான் என்ன கிறுக்கியா? பாதுகாப்பு விஷயத்துல நான் ரொம்பச் சுத்தம், அதனாலதான் முதல் மார்க். வாய் நிறையப் பல் பேஸ்டை வச்சுக்கிட்டேன்…

ஐயோ, பேஸ்டை வச்சுக்கிட்டு எப்படிப் பேச? முதல்ல பேசினேன், அப்புறம்தான் பேஸ்ட். வரிசையா சொல்றேன்.

"ம்ஹ்ம்… தளவாய். ஆன் பண்ணும்வே."

அவர் போடலை. அப்புறம், "சார், அணைக்கச் சொன்னது பாப்பா. பாப்பா சொல்லட்டும் சார்."

பார்த்தீங்களா? மந்தம்னு சார் நினைச்ச ஆளு! எனக்கே ஆச்சரியமாப் போச்சு. ஆனா விட முடியுமா? "பாப்பா கீழ இறங்கி என் பக்கத்துலதான் நிக்கா. போடும்."

"பாப்பாவே ஒரு வார்த்தை சொல்லிரட்டும் சார். நீங்கதானே சொல்லிக் குடுத்திய."

"ம்ஹ்ம்! எனக்கே பாடம் எடுக்கீரா? குடம் சுமந்த அழகைத்தான் பார்த்தேனே. உமக்கு சர்டிபிகேட் வேணுமா வேண்டாமா?"

அப்புறம் ரொம்பச் சின்னக் குரல்ல, "ஆன் பண்ணுதேன் சார்." டக்.

ஒரு அலறு அலறினேன் பாருங்க! மண்டபத்து மேல இருந்த புறா எல்லாம் பறந்துச்சு. உள்ள இருந்த பசங்க ரேடியோவைச் சத்தமா வச்சிருந்ததால எட்டிக்கூடப் பார்க்கலை. விழுந்தேன், வயரைக் கையில சுத்திக்கிட்டேன், பேஸ்டை நுரையா விட்டேன், காலை நாலு உதறு உதறிட்டு நிறுத்தினேன். ஓடி வந்தார். மூணு அடி முன்னாலயே பிரேக் போட்ட மாதிரி நின்னுட்டார். பாடம்! ஆளைத் தொடாதே, கரண்டை அணை. திரும்ப அறுபது மீட்டர் ஓடினார், அணைச்சார், கட்டையோட வந்தார், வயரைத் தள்ளினார். ஒண்ணு விடாம வரிசையா. மூக்குப் பக்கத்துல விரலை வச்சார். நான் ஒன்றரை நிமிஷம் மூச்சைப் பிடிப்பேன், மிமிக்ரிக்கு அது வேணும். மூச்சு இல்லை. அதுக்கு அப்புறம் என்ன செய்யணும்? நெஞ்சை அமுக்கணும், முப்பது. அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார். "பாப்பா, பாப்பா, ஏ பாப்பா"ங்கிறார், அவ்வளவுதான். ஓடினார். செருப்பைப் போடாம, ரோட்டைப் பார்க்க ஓடினார்.

உண்மையில கரண்ட் ஆளைப் பிடிச்சிருந்தா போர்டுல இருக்கிற டிரிப்பர் தன்னால விழுந்து கரண்டை நிறுத்தியிருக்கணும். ஆறாவது நாள் பாடம். அதுகூட அவருக்குத் தோணலை. நோட்டுல எழுதி என்ன பிரயோஜனம் சொல்லுங்க!

கொஞ்ச நேரத்துல திரும்பி வருவார், அப்ப எழுந்து நின்னு "பே"ன்னு கத்தலாம்னுதான் படுத்திருந்தேன். வரவே இல்லை. வாயைக் கழுவிட்டு எழுந்து போயிட்டேன்.

பிராக்டிகல் நேரத்துல எல்லார் போனும் ஒரு பெட்டியில கிடக்கும், அது சார் சட்டம். தளவாய் போனும் அதுலதான் கிடந்துச்சு. இதோ, இதுதான். பட்டன் போன். "நான் குடுத்துருதேன் சார்"னு வாங்கி வச்சுக்கிட்டேன். வெளிய வந்து அதுல இருந்தே சாருக்கு அடிச்சேன், தளவாய் குரல்ல. "சார், ஆத்தாவுக்கு முடியலை சார், ஊருக்குப் போறேன் சார்." "ம்ஹ்ம், போயிட்டு வாரும்"னு வச்சுட்டார். அவ்வளவு சுலபம். அவங்க வீட்டம்மா தினம் ராத்திரி சாப்பாட்டு நேரத்துல கூப்பிடுவாங்க. அதுக்கும் நான்தான் தளவாய். "சாப்பிட்டேன் தாயி, நீ சாப்பிட்டியா? பிள்ள படிக்காளா?" நாலு நாள் கழிச்சு அந்தம்மா சொல்றாங்க, "இப்பத்தான் உங்க குரலே தெளிவா, சந்தோஷமா இருக்கு. அங்க நல்லாப் பாத்துக்கிடுதாக போல." பாருங்க, அவரை விட நான் நல்லாவே தளவாயா இருந்திருக்கேன்!

எல்லாத்தையும் விட இதுதான் ருசி: ஓடிப்போன அன்னிக்கே சரியா நாலு மணிக்கு இந்தப் போன் அடிச்சுது. யாரு? தளவாய்! யாரோ ஒருத்தர் போனை வாங்கித் தன் நம்பருக்கே அடிச்சிருக்கார். ஏன்னா அவருக்கு மனப்பாடமா தெரிஞ்ச ஒரே நம்பர் அதுதான். சார் இல்லைன்னா வேற யாராவது எடுப்பாங்க, பிள்ளை என்ன ஆச்சுன்னு கேக்கலாம்னு.

நான் எடுத்தேன். "ம்ஹ்ம்… தளவாய்."

அழுகைன்னா அழுகை. "சார், நான் போட்டிருக்கக் கூடாது சார். பாப்பா சொல்லாம நான் போட்டிருக்கக் கூடாது. நீங்க சொன்னியளேன்னு போட்டுட்டேன் சார்." அதுக்குள்ளயும் பாருங்க, என்னைப் பழி சொல்றார். சாரைச் சொல்றார்னு வச்சுக்கோங்க. நான் விடுவேனா? "நானா? நான் டீக்கடையில இருந்தேன்வே. நான் எங்க சொன்னேன்?" "அப்பம் எனக்குத்தான் காது…"ன்னு இழுத்தார். "பிள்ளை பாளையங்கோட்டைல பெரிய ஆஸ்பத்திரில இருக்கு. நீர் இந்தப் பக்கம் வராதேயும், பிள்ளையோட சொந்தக்காரங்க வெட்டிருவாங்க. நாளைக்கு நாலு மணிக்குக் கூப்பிடும்."

அதுல இருந்து தினமும் நாலு மணி. வீட்டுக்குப் போக முகம் இல்லையாம். முறப்பநாட்டுல ஆத்தங்கரை மண்டபத்துல கிடந்தார். பூக்கடைக்காரங்ககிட்ட போன் வாங்கிப் பேசுவார். முதல் நாள் "கண்ணு முழிக்கலை"ன்னேன். ரெண்டாம் நாள் "குழாய் வச்சிருக்கு"ன்னேன். மூணாம் நாள் எனக்கே சலிச்சுப் போச்சு, சாகடிச்சுட்டேன். நானே என்னைச் சாகடிச்சேன்! எத்தனை பேருக்குக் கிடைக்கும் அது?

அப்படி என்ன முறைக்கீங்க? முழுசாக் கேளுங்க அக்கா. கடைசியில சந்தோஷமாத்தான் முடியப்போகுது.

அப்புறம் அவர், "அந்தப் பிள்ளையோட அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசணும் சார்"னு கேட்டுக்கிட்டே இருந்தார். சரி, போனை அப்பாகிட்டயே குடுத்துட்டேன்னு சார் குரல்ல சொல்லிட்டு, அப்பாவையும் கொண்டு வந்தேன். எங்க அப்பா குரல் லேசு இல்லை. ரெண்டு வார்த்தைக்கு ஒரு இருமல், முப்பது வருஷம் மைக்குல "ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ" சொல்லிச் சொல்லி அடிவயித்துல இருந்து வரும். "ஏலே… நீ நல்லாருப்பியா? ஒத்தைப் பிள்ளைலே. எம் புள்ளயக் கொன்னவனே!" அப்படின்னு ஒரு பாட்டம். அவர் மறுத்து ஒரு சொல் சொல்லலையே! "ஆமா அண்ணாச்சி. ஆமா அண்ணாச்சி." அதோட போகுதா, ஒரு நாள் சொல்றார்: "எனக்கும் ஒண்ணு இருக்கு அண்ணாச்சி, உங்க பிள்ளை வயசு. ராத்திரி கண்ணை மூடினா ரெண்டு பேர் மூஞ்சியும் ஒண்ணாத் தெரியுது. அதனால தூங்குததே இல்ல." ரெண்டு மூஞ்சியும் ஒண்ணாத் தெரியுதாம்! அந்தப் பொண்ணு கறுப்பா சிவப்பான்னு கேக்கலாமான்னு எனக்கு வாய் துறுதுறுன்னு வந்துச்சு. அடக்கிக்கிட்டேன்.

இன்னிக்குக் கணக்குப்படி எனக்குப் பதினாறாம் நாள் காரியம். கோர்ஸும் இன்னிக்குத்தான் முடியுது. என்ன பொருத்தம்! நேத்து அப்பா குரல்ல சொன்னேன்: "நாளைக்குப் பதினாறு. சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வா. எம் மூஞ்சியைப் பார்த்து மன்னிப்புக் கேளு." உடனே ஒத்துக்கிட்டார். "வந்து உங்க கால்ல விழுந்துட்டு, நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருதேன் அண்ணாச்சி. அதுக்காகத்தான் இத்தனை நாள் உசுரைப் பிடிச்சு வச்சிருக்கேன்"னார். ஆத்துல மொட்டையும் போட்டுக்கிட்டாராம். சொந்தக்காரன் மாதிரி!

இப்பப் புரியுதா? ஆறு மணிக்கு மொட்டைத் தலையோட வந்து கதவைத் தட்டுவார். யார் திறப்பா? நான்! அப்பாவுக்கு இன்னிக்கு ராஜபாளையத்துல வேலை, ராத்திரிதான் வருவார். வீட்டுல நான் மட்டும். "வாங்க அண்ணாச்சி, ஊறுகாய் இருக்கா?"ன்னு கேப்பேன். அந்த மூஞ்சி அக்கா! அந்த மூஞ்சியை நினைச்சுத்தான் ரெண்டு வாரமா எனக்குச் சோறு இறங்குது. எவ்வளவு சந்தோஷப்படுவார்! செத்த பிள்ளை திரும்பி வந்து கதவைத் திறக்குதுன்னா, அப்படி ஒரு சந்தோஷம் அவர் பிறந்ததுல இருந்து பட்டிருப்பாரா? நான்தானே குடுக்கப்போறேன்? அதை ஒருத்தரும் பார்க்க மாட்டேங்கிறீங்க.

அதுக்கு முன்னால நாலு மணிக்குக் கடைசித் தடவையா கூப்பிடுவார், கிளம்பிட்டேன்னு சொல்ல. அதைத்தான் உங்களுக்குப் போட்டுக் காட்டப்போறேன். அப்பா குரல்ல திட்டு வாங்குறதைக் கேட்டீங்கன்னா…

போனையா? எதுக்கு? நீங்க பேசி எல்லாத்தையும் சொல்லப் போறீங்களா? ரெண்டே மணி நேரம் அக்கா, ரெண்டு வாரம் பொறுத்தவருக்கு ரெண்டு மணி நேரம் பெரிசா? கையை எடுங்க. என் போன் காலையிலேயே சார்ஜ் இல்லாம அணைஞ்சு போச்சு, இது ஒண்ணுதான் உயிரோட இருக்கு.

ஸ்ஸ்! அடிக்குது. மணி என்ன? மூணு அம்பது. சொன்னேன்ல, எதுக்கும் முன்னாடியே வந்து நிக்கிற ஆள்னு. புது நம்பரா இருக்கு. கடைசியில மூணு ஏழு. எங்கேயோ பார்த்த நம்பர் மாதிரி இருக்கு. இப்ப யாருக்கு நம்பர் ஞாபகம் இருக்கு, விடுங்க. ஸ்பீக்கர்ல போடுறேன். வாயைப் பொத்திக்கோங்க.

"ஹலோ. நாயகம் பேசுதேன்."

"யாரு?"

தளவாய்தான். ஆனா குரல்ல அழுகையைக் காணோமே. இருங்க.

"நான்தாம்லே, ஆவுடை அப்பன்." இருமலை விடணும். "கிளம்பிட்டியா? ஆறு மணிக்குத்தான் வரணும், முன்னாலயே வந்து நிக்காத."

"அண்ணாச்சி, பேரை முழுசாச் சொல்லுங்க."

"கோமதிநாயகம்லே. என்ன புதுசாக் கேக்க?"

"நேத்து ஒண்ணு சொன்னியளே, எம் புள்ளயக் கொன்னவனேன்னு. அதை ஒருவாட்டி சொல்லுங்க."

கேட்டீங்களா அக்கா? கேட்டு வாங்குறார்! திட்டைக் கேட்டு வாங்குறார்! "எம் புள்ளயக் கொன்னவனே! ஒத்தைப் பிள்ளைலே! நீ நல்லாருப்பியா?" எப்படி? அப்படியே அடிவயித்துல இருந்து…

யாரு அது அழுறது?

அங்கே யாரோ அழுறாங்க அக்கா. தளவாய் இல்லை. ஆம்பளை. இந்தக் குரல் எனக்குத் தெரியலையே. இப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை. மூச்சு உள்ளே போகும்போது விசில் மாதிரி…

"கேட்டியளா அண்ணாச்சி? இந்தக் குரல்தான். நான் பொய் சொல்லல. தெனமும் நாலு மணிக்கு உங்க குரல்ல இதான் பேசுச்சு."

"எங்குரல்தானய்யா அது! எங்குரல்தான்! நான் எப்பம்யா உங்கிட்ட பேசினேன்? பிள்ள இன்னிக்கு வாராள்னு வேலைக்குப் போகாம கறி எடுத்து வச்சிருக்கேன். நீ வந்து மொட்டைத் தலையோட கால்ல விழுந்து, பிள்ளை செத்துப் பதினாறு நாளாச்சுங்க…"

அப்பா.

அக்கா, இது அப்பா. அப்பா அழுது நான் கேட்டதே இல்லை. ராஜபாளையம் போகலையா? மூணு ஏழு, அப்பா நம்பர்தான் அது.

"அழாதிய அண்ணாச்சி. எவனோ நம்ம ரெண்டு பேரையும் வச்சு விளையாடிருக்கான். அன்னிக்கு சார் குரல்ல 'போடு'ன்னதும் இவன்தான். இப்பத்தான் எனக்கு விளங்குது. எங்காது சரியாத்தான் இருந்திருக்கு. எங்காது சரியாத்தான் இருந்திருக்கு அண்ணாச்சி!"

"அப்பம் எம் புள்ள? காலையில இருந்து அடிக்கேன், போன் அணைஞ்சு கெடக்கே. நேத்து வரைக்கும் எங்கிட்ட பேசினது அவதானா, இல்ல அதுவும் இவனா? எம் புள்ள செத்ததும் பொய்யா? உசுரோட இருக்காளா?"

"அது… அது பொய்யில்ல அண்ணாச்சி. நான் மூக்குல விரலை வச்சுப் பார்த்தேன்."

அப்பா. அப்பா, நான்தான்ப்பா. ஆவுடை. பஸ்ல வந்துக்கிட்டிருக்கேன்ப்பா, டயர் பஞ்சர். எனக்கு ஒண்ணும் இல்லைப்பா. அழாதீங்க. தளவாய் அண்ணாச்சி, நான்தான். பாப்பா பேசுறேன்.

"தளவாய்! பிள்ள குரல்யா! குடு, குடு இங்க…"

"வேண்டாம் அண்ணாச்சி. நம்பாதிய. இது அவன்தான். சார் குரல் பேசினான், உங்க குரல் பேசினான், இதையும் பேசுதான்."

இல்லைப்பா! நிஜமாவே நான்தான்! அக்கா, நீங்க சொல்லுங்க, என் பக்கத்துல ஒருத்தங்க இருக்காங்க, அவங்களைக் கேளுங்க! ம்ஹ்ம்… ஐயோ, இல்லை, தொண்டை அடைக்குது. அப்பா, நான்தான்ப்பா…

"கேட்டியளா, கனைப்பை? அவனேதான்." இப்ப தளவாய் குரல் போனுக்கு ரொம்பப் பக்கத்துல வந்து, தெளிவா, நிதானமா, எனக்குத் தெரிஞ்ச எந்தத் தளவாய் மாதிரியும் இல்லாம. "ஏலே, நீ எவனோ. என் குரலைப் பேசு, எவன் குரலை வேணும்னாலும் பேசிக்க. செத்துப் போன பிள்ளை குரலை மட்டும் தொடாத."